போப்பை வைத்து ஆடிய ஆட்டம்

மெடீவல் 2: டோட்டல் வார். 2006-ல் வந்த வியூக விளையாட்டு. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு இதை ஆடி நான் தொலைத்த இரவுகளுக்குக் கணக்கே கிடையாது. அதில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன் (எனக்கு முன்னாடியே ஆயிரம் பேர் கண்டுபிடிச்சிருப்பாங்க).

மிலானை எடுத்துக்கொள்வேன். முதல் வேலையாகப் போப்போடு கூட்டணி. ஊருக்கு ஊர் தேவாலயம், அவ்வப்போது அவருக்குக் கொஞ்சம் பணம். எல்லையில் ஒரே ஒரு ஊரில் மட்டும் காவலைக் குறைத்து வைப்பேன். பக்கத்து கத்தோலிக்க ராஜாவுக்குச் சபலம் தட்டும், படையோடு வருவான். போப்புக்குக் கோபம் வரும். அவன் அடங்கவில்லை என்றால் சபை நீக்கம். அதாவது திருச்சபையை விட்டே தள்ளி வைப்பது. அப்புறம் அவன் ஊர்களை நான் ஒவ்வொன்றாகப் பிடித்தாலும் போப் ஏன் என்று கேட்க மாட்டார்.

நிஜத்தில் யாராவது இப்படி ஆடியிருக்கிறார்களா என்று தேடப் போய்த்தான் ஜெர்மன் மன்னர் நான்காம் ஹென்றியிடம் மாட்டிக்கொண்டேன்.

ஆயர்களை நியமிக்கும் உரிமை மன்னருக்கா, போப்புக்கா என்பதுதான் சண்டை. அதை முற்ற வைத்ததே மிலான் பேராயர் பதவிக்கு ஹென்றி தன் ஆளைப் போட்டதுதான். (என் மிலானேதான்!) 1076 ஜனவரியில் ஹென்றியின் ஆயர்கள் வோர்ம்ஸ் நகரில் கூடி, போப் ஏழாம் கிரெகோரியை ஏற்க முடியாது என்றார்கள். பிப்ரவரியில் கிரெகோரி பதிலடி கொடுத்தார். ஹென்றிக்குச் சபை நீக்கம். கூடவே, அவருக்கு விசுவாசப் பிரமாணம் செய்த யாரும் இனி அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

விளையாட்டில் கோட்டை விட்ட இடம் இந்த இரண்டாவது பாதிதான். அங்கே சபை நீக்கம் என்பது ஒரு சுவிட்ச், வெளி எதிரிக்கு லைசென்ஸ். இங்கே அடி உள்ளேயிருந்து விழுந்தது. முந்தைய வருஷம்தான் ஹென்றியிடம் போரில் தோற்றிருந்த சாக்சனிப் பிரபுக்களுக்கு இது லட்டு மாதிரி. அக்டோபரில் பிரபுக்கள் ட்ரீபூரில் கூடிக் கெடு வைத்தார்கள்: ஒரு வருஷத்துக்குள் தடை நீங்கவில்லையென்றால் நீ எங்கள் ராஜா இல்லை. விசாரிக்கப் போப்பையே ஆக்ஸ்பர்குக்கு அழைத்தார்கள். என் குறுக்கு வழியை நிஜத்தில் ஆடியவர்கள் இவர்கள்தான்.

ஹென்றி லேசுப்பட்டவர் இல்லை. நடுக்குளிரில் மனைவி, சின்னக் குழந்தையோடு ஆல்ப்ஸைத் தாண்டி, போப் தங்கியிருந்த கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் வெறுங்காலோடு நின்றார். பாவமன்னிப்பு கேட்டு நிற்பவனை ஒரு பாதிரியார் எப்படித் துரத்துவார்? 1077 ஜனவரி 28-ல் தடை நீங்கியது. இதை அவமானம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ எதிராளியின் விதியை வைத்தே எதிராளியை மடக்கிய நகர்வாகத்தான் தெரிகிறது.

ஆனாலும் பிரபுக்கள் விடவில்லை. மார்ச்சிலேயே ரூடால்ஃபைப் போட்டி மன்னராக்கினார்கள். 1080-ல் கிரெகோரி ரூடால்ஃப் பக்கம் சாய்ந்து, ஹென்றியை மறுபடி நீக்கினார். இந்த முறை பெரிதாக யாரும் அசையவில்லை. யார் யார் எந்தப் பக்கம் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஹென்றியும் தனக்கென்று ஒரு போட்டிப் போப்பை நியமித்துக்கொண்டார். அதே அக்டோபரில் ரூடால்ஃப் போரில் வலது கையை இழந்து செத்தார். ஹென்றிக்குச் சத்தியம் செய்து கொடுத்த கை அதுதான் என்று ஹென்றியின் ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள்.

கிரெகோரியின் கூட்டணிக் கணக்கு இன்னும் மோசம். 1074-ல் தானே சபை நீக்கம் செய்த நார்மன் தலைவன் ராபர்ட் கிஸ்கார்டை, வேறு வழியில்லாமல் 1080-ல் சேர்த்துக்கொண்டார். 1084-ல் ஹென்றி ரோமைப் பிடித்தபோது அந்த நார்மன்கள் வந்து போப்பை மீட்டார்கள். மீட்ட கையோடு ரோமையும் சூறையாடினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவர் எப்படி இருப்பது? மறுவருஷம் சலேர்னோவில் இறந்தார்.

ஹென்றி ஜெயித்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் 1104-ல் அவருடைய சொந்த மகனே கிளம்பினான். சபை நீக்கம் ஆனவருக்குச் செய்த சத்தியம் செல்லாதாம். அடுத்த வருஷக் கடைசியில் அப்பாவின் மகுடம் பறிபோனது. 1106-ல் ஹென்றி இறந்தபோதும் தடை நீங்கவில்லை. ஷ்பையர் பேராலயத்தை ஒட்டி, இன்னும் அர்ச்சிக்கப்படாத ஒரு சிற்றாலயத்தில் அந்தச் சவப்பெட்டி 1111 வரை காத்துக் கிடந்தது.