காற்று, கட்டிடம், ஒரு கண் பரிசோதனை

ஆஸ்டின் டவுனில் வளர்ந்த எங்களுக்கு உயரம் என்றால் எம்.ஜி. ரோடு பப்ளிக் யூட்டிலிட்டி பில்டிங்தான். 25 மாடி. அதுவும் காற்றடித்தால் துளி ஆடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். உயரமான கட்டிடம் எல்லாமே ஆடும், கொஞ்சம் வளைந்து கொடுக்கிற மாதிரிதான் கட்டுகிறார்கள். எவ்வளவு ஆடினால் உள்ளே இருப்பவர் தாங்குவார் என்பதுதான் கேள்வி.

நான் இப்போது இருக்கும் நியூ ஜெர்சிக்கு எதிர்க்கரையில், நியூயார்க்கில், 1931-ல் திறந்த எம்பயர் ஸ்டேட் கனமான கட்டிடம். அதனால் ஆட்டம் குறைவு. 1960-களில் திட்டமிட்ட உலக வர்த்தக மையம் (2001-ல் தகர்க்கப்பட்டதே, அதுதான்) 110 மாடி, உயரத்துக்கு எடை குறைவு. விழாது என்று பொறியாளர் லெஸ்லி ராபர்ட்சனுக்குத் தெரியும். ஆனால் தலை சுற்றினால் வாடகைக்கு யார் வருவார்கள்? வங்கிக்காரனான எனக்கு இந்தக் கவலை நன்றாகவே புரிகிறது :-)

1965-ல் ஓரிகன் மாநிலம் யூஜீனில் இலவசக் கண் பரிசோதனை என்று விளம்பரம் வந்தது. வந்தவர்களைச் சுவரில் விழும் முக்கோணங்களின் உயரத்தைக் கணிக்கச் சொன்னார்கள். நடுவில் அந்த அறையே மெல்ல முன்னும் பின்னும் நகர ஆரம்பித்தது! உளவியலாளர் பால் ஹாஃப்மன் நடத்திய சோதனை அது. பலருக்குத் தலை சுற்றியது, அதுவும் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த அசைவிலேயே. சொல்லாமல் செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் முன்பே சொல்லியிருந்தால் எல்லோரும் ஆட்டத்துக்கே காத்திருப்பார்கள் என்பதும் நிஜம். முடிவை அப்போது வெளியே விடவில்லை. கோபுரத்துக்குச் சுமார் 10,000 அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தினார்கள்.

பாஸ்டனில் ஜான் ஹான்காக் டவர் மேல்மாடிக்காரர்களுக்குக் குமட்டியது. 1970-களில் 58-வது மாடியில் தலா 300 டன்னில் இரண்டு எடைகள் வைத்தார்கள். கட்டிடம் ஒரு பக்கம் போனால் எடை எதிர்ப்பக்கம் இழுக்கும்.

நம் உடம்புக்குத் தூரம் முக்கியமில்லை, வேகம் மாறுவதுதான் உறைக்கும். பி.டி.எஸ். பஸ் டிரைவர் பிரேக் போட்டால் தெரியுமே, அதுபோல. எங்கள் 38-வது மாடி வீட்டுக்கு வந்த அம்மா, காற்றடித்த இரவுகளில் "பித்தம் ஏறிடுச்சுப்பா" என்று இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். பி.பி. சரியாகவே இருந்தது. கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் அலம்பியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து இப்படிச் சொன்னால், டாக்டரிடம் காட்டுவதோடு காற்றையும் கவனியுங்கள்.

இந்தியாவில் 2017-ல் வந்த ஐ.எஸ். 16700 இதற்கு எண்ணே வைத்திருக்கிறது: பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய காற்றில், வீடுகளில் முடுக்கம் 0.15 மீ/விநாடி², அலுவலகங்களில் 0.25. வீட்டில் படுத்துத் தூங்குகிறோம் அல்லவா, அதனால் கெடுபிடி அதிகம். தர நிர்ணயப்படி பெங்களூருவின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 33 மீட்டர், புயல் பார்க்கும் சென்னைக்கு 50.

நம் ஆட்கள் இங்கிருந்தே ஊரில் முப்பது, நாற்பது மாடி ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டுகிறார்கள். நானும் ஒன்றுக்கு விசாரித்தேன். கார்பெட் ஏரியா, கார் பார்க்கிங் எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்த விற்பனைப் பையன், இந்த 0.15-ஐக் கேட்டதும் "சார், அது மெயின்டனன்ஸ் சார்ஜா?" என்றான்.