கேசமும் ஔஷதமும்: திருவனந்தபுரத்துப் பதிவேடு ஒன்றின் கதை

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ ஸ்தாபனத்தின் வெளிநோயாளர் கூடத்துக்கு, நெய்யாற்றின்கரையிலிருந்தும், எல்லைக்கு இப்புறம் மார்த்தாண்டம், நாகர்கோவில், திருநெல்வேலியிலிருந்தும் இருட்டோடு பஸ் ஏறி வந்து, பழைய சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, காக்காய்வலிப்புக்கு மருந்து சாப்பிடும் மகளுடன் காத்திருக்கும் தாய், வலிப்பு எத்தனை தடவை வந்தது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, தூக்கம் உண்டா என்று வைத்தியர் கேட்பவற்றுக்கெல்லாம் கணீரென்று பதில் சொல்வாள். எல்லாம் முடிந்து, மகளை வாசலுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் ஓரடி பின்தங்கி, "முடி கொத்துக்கொத்தா வருது சார், வர்ற சித்திரையில கல்யாணம் பேசியிருக்கோம்" என்று தாழ்ந்த குரலில் சொல்வாள். வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் மருந்துகளையும் அவற்றைக் கண்டுபிடித்தவர்களையும் விஸ்தாரமாகவே வர்ணித்திருக்கிறார்கள். கதவருகே சொல்லப்பட்ட இத்தகைய வாக்கியங்களோ நெடுங்காலம் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அவை ஏறத் தொடங்கிய விருத்தாந்தத்தில் திருவனந்தபுரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

மருந்து தீங்கும் செய்யும் என்பது நம் முன்னோருக்குத் தெரியாததன்று. பாதரசம் சேர்ந்த மருந்தை அளவு தப்பிக் கொடுத்தால் வாய் வெந்து, ஈறு வீங்கி, எச்சில் தாரையாக ஒழுகும் என்பதை நாட்டு வைத்தியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். கடும் பத்தியம் வைத்ததற்கு அந்த அச்சமும் ஒரு காரணம். ஆனால் பத்தியத்துக்குள் ஒரு சூட்சுமம் இருந்தது. நோயாளிக்கு உபாதை கண்டால், அவன் எங்கோ பத்தியம் முறித்திருக்கிறான் என்று சொல்லிவிடலாம். பழி அவன்மேல் விழும், மருந்து தப்பிவிடும். இது நாட்டு வைத்தியத்துக்கே உரிய தந்திரம் என்று யாரும் எண்ணவேண்டாம். அதே காலத்து ஐரோப்பிய டாக்டர்கள் காலமெல் என்னும் ரச உப்பைக் கொடுத்து, எச்சில் ஒழுகுவதையே மருந்து பிடித்துக்கொண்டதற்கு அடையாளமாகக் கருதினார்கள். திருவிதாங்கூரில் 1813-ஆம் ஆண்டில் ராணி கௌரி லட்சுமிபாய் அம்மை குத்துவதை ஆரம்பித்தபோது, ஜனங்களின் பயத்தைத் தெளிவிக்க அரச குடும்பத்தினரே முதலில் குத்திக்கொண்டார்கள். பின்னால் வரக்கூடிய வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் தம் உடம்பையே முன்வைத்த அந்த முறை, பிற்காலத்து மாத்திரைகளுக்கு வாய்க்கவில்லை.

மலையாளத்தில் அபஸ்மாரம் என்று வழங்கும் காக்காய்வலிப்புக்கு மேல்நாட்டார் கண்ட மருந்துகளின் வரிசையைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு வரத்தோடு ஒரு சாபத்தையும் கொண்டுவந்திருப்பது தெரியும். 1857-இல் லண்டனில் சார்லஸ் லோகாக் எடுத்துச் சொன்ன புரோமைடு வலிப்பைக் குறைத்தது. முகமெங்கும் பருக்களை எழுப்பிப் புத்தியையும் மந்தமாக்கியது. அந்த மந்தத்தை நோயின் லட்சணமென்றே பலரும் நம்பியதுதான் பரிதாபம். 1912-இல் ஜெர்மானியரான ஹாப்ட்மன் பயன்படுத்திய பினோபார்பிட்டல் தூக்கத்தைத் தந்தது. 1938-இல் மெரிட், பட்னம் என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட பினிடாயின் தூங்கவைக்காமலே வலிப்பை அடக்கிப் புகழ்பெற்றது. ஆயினும் அதைச் சாப்பிட்டவர்களில் அநேகருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வளர்ந்தது, சில பெண்களுக்கு மேலுதட்டிலும் கன்னத்திலும் ரோமம் படர்ந்தது. அதற்குப் பின் வந்த வால்ப்ரோயேட்டோ, வேண்டாத இடத்தில் முளைப்பிப்பதை விட்டு, வேண்டிய இடத்தில் உதிர்க்கலாயிற்று.

வால்ப்ரோயேட்டின் பிறப்பு விநோதமானது. 1882-இல் பர்ட்டன் என்னும் அமெரிக்க ரசாயனி உண்டாக்கிய அந்தத் திரவம், எண்பது ஆண்டுகள் வரை பிற பொருள்களைக் கரைக்கும் துணைப்பொருளாகவே காலம் தள்ளியது. 1962-இல் பிரான்சு தேசத்துக் கிரெனோபிள் நகரில் புதிய சரக்குகளை அதில் கரைத்துப் பரீட்சை செய்தவர்கள், எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்குவதைக் கண்டு திகைத்து, கரைந்தது மருந்தன்று, கரைத்ததே மருந்து என்று தெளிந்தார்கள். 1967-இல் அங்கே விற்பனைக்கு வந்த அது, பலவகை வலிப்புக்கும் ஏற்றதாயிருந்தமையால் உலகெங்கும் பரவியது.

வால்ப்ரோயேட்டால் முடி உதிர்கிறதென்பதை உணர நாளாயிற்று. அதற்குத் தேகதர்மத்திலேயே காரணம் உண்டு. நம் தலைமயிரில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு எப்போதும் வளரும் பருவத்திலும், எஞ்சியது ஓய்வுப் பருவத்திலும் இருக்கும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கடுமருந்துகள் வேகமாகப் பிரியும் உயிரணுக்களையெல்லாம் தாக்குவதால், வளரும் மயிர் வேரிலேயே நலிந்து, இரண்டு மூன்று வாரங்களில் தலையணை முழுவதும் முடியாகிவிடும். 1981-இல் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயரை முதல் இயக்குநராகக் கொண்டு திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தோன்றிய வட்டாரப் புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் இது ஒளிவுமறைவில்லாத சங்கதி. முதல் ஊசிக்கு முன்னரே சொல்லிவிடுகிறார்கள், பலர் தாமாகவே மொட்டையும் அடித்துக்கொள்கிறார்கள். வால்ப்ரோயேட்டும், 1990 முதல் சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தின் 'சித்ரா' என்னும் இருதய வால்வைப் பொருத்திக்கொண்டவர்கள் ஆயுள் முழுவதும் சாப்பிடவேண்டிய, ரத்தம் உறையாமற் காக்கும் மாத்திரையும் வேறு வழியில் வேலை செய்கின்றன: மயிரைக் கொல்லாமல், காலத்துக்கு முன்பே ஓய்வுக்கு அனுப்புகின்றன. ஓய்வுக்குப் போன முடி உதிர இரண்டு மூன்று மாதமாகும். அதற்குள் மாத்திரை தொடங்கிய சமாசாரம் மறந்துபோயிருக்கும். கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, கண்பட்டுவிட்டது, எண்ணெய் மாற்றியது பிசகு என்று வீட்டார் பலவாறாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அவிழ்த்த கூந்தலின் நுனியில் துளசிக்கதிர் செருகிக் கோயிலுக்குப் போகும் ஊரில், அவுரியும் கரிசலாங்கண்ணியும் இட்டு வீடுதோறும் எண்ணெய் காய்ச்சும் ஊரில், இது அற்ப விஷயமன்று. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் முடி திரும்ப வளர்ந்துவிடும், சிலருக்கு முன்னில்லாத சுருட்டையோடு வளரும் என்பதை யாரும் சொல்லாதபோது, பெண் தானாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நோயையே அவள் பிறரிடம் ஒளிப்பதற்குச் சட்டமும் காரணமாயிருந்தது. ஹிந்து விவாகச் சட்டத்தில், அடிக்கடி வலிப்புக் காண்பவர்களின் விவாகத்தைச் செல்லாததாக்க இடமிருந்தது; 1999-இல்தான் பார்லிமெண்ட் அந்த வாசகத்தை எடுத்தது. அதுவரை, மாத்திரைச் சீசாவின் மேல்தாளைக் கிழித்துவிட்டுப் புக்ககம் போனவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முடியைக் காட்டிலும் பெரிய கேள்வி கருப்பத்தைப் பற்றியது. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கைகால் குறுகிய ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பித்து 1961-இல் அம்பலமானபின், ஊனப் பிறவிகளைக் குறித்துவைக்கும் பதிவேடுகள் பல தேசங்களில் தோன்றின. அவ்வாறான ஒன்றை பிரான்சின் லியோன் நகரில் வைத்திருந்த எலிசபெத் ராபர்ட் என்ற மாது, தண்டுவடம் மூடாமற் பிறந்த சிசுக்களின் தாய்மார் பலர் வால்ப்ரோயேட் சாப்பிட்டிருப்பதை 1982-இல் கண்டு அறிவித்தார். கணக்குப் புத்தகமே அதைக் காட்டிக்கொடுத்தது.

அரச குடும்பம் அளித்த கட்டடத்தில் 1976-இல் இயங்கத் தொடங்கி, 1980-இல் பார்லிமெண்ட் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில், 1998-இல் அப்படியொரு பேரேடு திறக்கப்பட்டது. டாக்டர் சஞ்சீவ் வி. தாமஸ் முன்னின்று நடத்திய இந்த 'வலிப்பும் கர்ப்பமும்' என்னும் கேரளப் பதிவேட்டின் விசேஷம், குழந்தை பிறந்தபின் காரணம் தேடாமல், கர்ப்பம் தரிப்பதற்கு முன்போ, தரித்த ஆரம்பத்திலோ பெண்களைச் சேர்த்துக்கொண்டு, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று குறித்து, பிறந்த சிசுவின் இருதயத்தையும் எதிரொலிக் கருவியால் பார்த்து, பள்ளிப் பருவம் வரை அதன் பேச்சையும் புத்தியையும் அளந்து வந்ததுதான். பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தைகளையே பெற்றார்கள் என்பது அதில் கண்ட முதல் செய்தி. வலிப்புள்ளவள் பிள்ளை பெறலாகாது என்ற பழைய பேச்சுக்கு இதைவிடச் சரியான பதில் இல்லை. வால்ப்ரோயேட் சாப்பிட்டவர்களிடம் ஊனம் மிகுதி, அளவு ஏற ஏற அதுவும் ஏறும் என்பது அடுத்த செய்தி. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் கஷ்டம்: முதலாவதை மட்டும் கேட்டவள் அசட்டையாயிருப்பாள், இரண்டாவதை மட்டும் கேட்டவள் மாத்திரையை அன்றே குப்பையில் போடுவாள்.

இப்போது பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட்டைக் கூடியமட்டும் தவிர்த்து, லாமோட்ரிஜின், லெவிடிரசிடாம் போன்றவற்றை வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அமிலமும் சேர்க்கிறார்கள். லெவிடிரசிடாமால் முடிக்குப் பெரும்பாலும் சேதமில்லை. ஆனால் சிலருக்கு அது சிடுசிடுப்பையும் கோபத்தையும் உண்டாக்குகிறது. மாமியார் வீட்டில் அதை மருந்தின் வேலை என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை, வளர்ப்பின் கோளாறு என்றே சொல்கிறார்கள். ஆதலால் இன்னும் சில தாய்மார்கள் கதவருகே ஓரடி பின்தங்கத்தான் செய்கிறார்கள். கேட்டுக் குறித்துக்கொள்ளும் வைத்தியர், மருந்தை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறார்.