வன்னியில் வீட்டுக்கல்வி

பதின்வயதுப் பிள்ளையை வீட்டிலேயே படிப்பிப்பதா என்பது மேலைநாட்டுப் பெற்றோருக்கு விருப்பம் சார்ந்த வினா. 2006 முதல் 2009 வரை வன்னியில் அது உயிர் சார்ந்த வினா. 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலையில் விமானக் குண்டுவீச்சு மாணவியர் பலரைப் பலிகொண்டது. மறுபுறம், வீட்டுக்கொருவராய் இருந்த புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு இறுதிக்காலத்தில் 14 வயதினரையும் விடவில்லை என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவுசெய்தது. இலங்கையில் அன்று கட்டாயக் கல்வியும் 14 வயதோடு முடிந்தது. 2016இல்தான் அது 16 ஆயிற்று. பெற்றோர் பலர் பிள்ளைகளை ஒளித்துவைத்தனர். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுத விதி இருந்தது. ஆயினும் ஒளிந்திருந்தவர் பரீட்சை மண்டபத்துக்கு எவ்வாறு செல்வார்? இதனை வீட்டுக்கல்வி என்றெழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளில் உயிர்தப்பியோர் இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டனர்.