எல்லைக் கற்கள் - 14: வேட்டி கொடியான இரவு

எல்லைக் கணக்குப் போட்ட படாஸ்கர் இந்த வாரம் வந்துவிடுவார் என்று சொல்லியிருந்தேன். அவருக்கு முன்னால் 1953 மார்ச் 25ஆம் தேதியைத் தாண்டியாக வேண்டும். அன்றுதான் ஆந்திர மாநிலத்தில் எந்தெந்த மாவட்டங்கள் சேரும் என்று நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பட்டியலில் சித்தூர் முழுசாக இருந்தது. பாகப்பிரிவினையில் தோப்பை அதிலுள்ள மரம், கிணறு, குடிசையோடு எழுதிக் கொடுப்பார்களே, அப்படித் திருத்தணியும் பள்ளிப்பட்டும் பொதட்டூர்பேட்டையும் சேர்ந்தே போயின. வெள்ளைக்காரன் 1911இல் தன் நிர்வாக வசதிக்காக உருவாக்கிய மாவட்டம் அது. அதன் கோட்டை அப்படியே மொழிக்கோடாக எடுத்துக்கொண்டது நேரு அரசின் சோம்பேறித்தனம் என்பதே என் கட்சி. இரண்டு மொழியும் புழங்கும் ஊர்களில் யாருக்கு என்ன விருப்பம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்க வைத்தவர்கள் ம.பொ.சி., மங்கலங்கிழார், திருத்தணி கே. விநாயகம் ஆகியோர். இவர்களைப் பற்றி முன்பே பார்த்துவிட்டோம். ஆனால் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகக் கொடியை நாம் இன்னும் தொடவில்லை. அதில் வில், புலி, கயல் மூன்றும் இருக்கும். மக்கள் விருப்பத்துக்கு மதிப்புக் கொடு என்று கேட்ட இயக்கம், குடிமக்களை ஒருநாளும் கேட்டு ஆளாத மூவேந்தர்களின் சின்னத்தைத் தூக்கிப் பிடித்தது! எனக்கு இது எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனாலும் காரணம் புரிகிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று மூவர்ணக் கொடி கோட்டையில் ஏறியது. மறுநாளே, ஆகஸ்ட் 16 அன்று, ம.பொ.சி. தொண்டர்களோடு திருப்பதிக்குப் போய் ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்று முழங்கினார். இத்தனைக்கும் அவர் அப்போது காங்கிரஸ்காரர், மூவர்ணத்துக்காகச் சிறை போனவர். முதல் நாள்வரை தெருவின் கொடியாக இருந்தது இப்போது சர்க்காரின் கொடி. சர்க்காரிடம் வழக்குப் பேசுகிறவனுக்கு வேறொரு கொடி தேவைப்பட்டது.

மூவர்ணம் தெருவின் கொடியாக இருந்த காலத்தை நினைத்தால் ஆர்யா என்கிற பாஷ்யம் கண்முன்னே வந்து நிற்கிறார். நாம் இன்று வீட்டில் மாட்டியிருக்கும் முண்டாசு பாரதி படம் பலவற்றுக்கு மூலம் இவர் வரைந்த ஓவியம்தான். அந்தக் கை தூரிகை பிடித்துப் பேர் வாங்குவதற்கு முன்பே சாயம் தோய்த்த கை. 1932 ஜனவரி 26ஐச் சுதந்திர நாளாகக் கொண்டாட காங்கிரஸ் அழைத்திருந்தது. காங்கிரஸோ அப்போது தடை செய்யப்பட்ட இயக்கம். திருப்பூர் குமரன் கொடியோடு அடிபட்டு உயிர்விட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பாஷ்யம் தன் நாலு முழ வேட்டியை எடுத்தார். சாயம் ஏற்றினார். கொடி தயார்.

பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: நூலிலேயே சாயம் ஏற்றி நெய்தால் இரண்டு பக்கமும் ஒரே நிறம் நிற்கும், நெய்த துணியின் மேல் அச்சடித்தால் பின்பக்கம் வெளிறிப்போகும். பாஷ்யத்துக்கு அந்தக் கவலைக்கெல்லாம் நேரம் ஏது? விடிவதற்குள் ஏற வேண்டும், விடிந்ததும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கொடிமரம் அன்று நாட்டிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று. காவல் போட்ட இடம். இருட்டில் ஏறுகிறார். கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வரும். அது மேலே விழும்போதெல்லாம் கம்பத்தோடு கம்பமாக ஒட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் போனதும் மறுபடி ஏறினாராம். உச்சியில் யூனியன் ஜாக்கை இறக்கினார், வேட்டியைக் கட்டினார், வழுக்கிக்கொண்டு இறங்கினார். காலையில் கோட்டையின் தலைமேல் ஒரு சாமானியனின் வேட்டி பறந்தது.

அதே ஜனவரி 26, முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து 1965. பாஷ்யம் உயிரைப் பணயம் வைத்து ஏற்றிய கொடியைச் சர்க்கார் அணிவகுப்போடு ஏற்றிய அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாட்டு வீடுகளில் கருப்புக் கொடி ஏறியது. 1928இல் சைமனுக்குக் காட்டிய அதே கருப்பு, 1958இல் தி.மு.க. நேருவுக்குக் காட்டியதும் அதுதான். கருப்புக்கு ராஜா வேண்டாம், சின்னம் வேண்டாம். பழைய குடைத்துணி போதும். மணிலாவில் 1986இல் மஞ்சள், கீவ் நகரில் 2004இல் ஆரஞ்சு என்று உலகத்துத் தெருக்கள் ஒவ்வொன்றும் தனக்கொரு நிறத்தைத் தேடிக்கொண்டன. மஞ்சளும் ஆரஞ்சும் ஒரு தலைவரையோ கட்சியையோ சுற்றி வந்தவை. அவர்கள் பதவிக்கு வந்ததும் அந்த நிறமும் கூடவே பதவிக்குப் போய்விட்டது. கருப்பு மட்டும் எந்தக் கோட்டையிலும் குடியேறவில்லை. மூவேந்தர் கொடியைவிட அதை நான் நம்புவதற்கு அதுதான் காரணம்.

திருத்தணிக்குத் திரும்புவோம். 1953இல் எல்லைப் போராட்டத்தில் தடையுத்தரவை மீறி ம.பொ.சி. கைதானார். திருவாலங்காடு கோவிந்தசாமி, பழனிமாணிக்கம் இருவரும் சிறையிலேயே உயிரிழந்தார்கள். ஊர் ஊராகத் தமிழ் சொல்லிக் கொடுத்த மங்கலங்கிழார் ஆகஸ்ட் 31 அன்று மறைந்தார். அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிறந்தபோது பொதட்டூர்பேட்டை அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் வர 1960 ஏப்ரல் 1 ஆயிற்று. கொடி பிடித்தவர்கள் தெருவில் கேட்டதைக் கணக்காக மாற்றியவர் படாஸ்கர். மாவட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கிராமம் கிராமமாகப் பார்த்தார் மனிதர். அந்தக் கணக்கில் திருத்தணி எப்படி நமக்கு வந்தது, சத்தியவேடு எப்படிக் கைவிட்டுப் போனது என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)