பாறைப் பீடங்களின் நாடு

அயர்லாந்து என்றதும் தமிழ்க் கத்தோலிக்கர் பலருக்கு நினைவில் எழுவோர் கன்னியரும் துறவறச் சகோதரர்களுமே. 1842-இல் சென்னைக்குக் கப்பலேறி வந்த பிரசன்டேஷன் சபைக் கன்னியரிடமும், 1875-இல் வந்த பத்ரிசியார் சபைச் சகோதரர்களிடமும் கல்வி பெற்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால், இவர்களை நமக்குத் தந்த மக்கள் ஒரு காலத்தில் தம் சொந்த மண்ணிலேயே பள்ளி நடத்த உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்கள் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அத்தீவின் தொன்மை வியப்பூட்டுவது. பாய்ன் ஆற்றின் அருகே நியூகிரேஞ்ச் என்னுமிடத்தில் ஒரு பெரிய கல்லறை மேடு உள்ளது. ஏறத்தாழ கி.மு. 3200-இல் எழுப்பப்பட்ட அது, எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் முந்தியது. ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டிய சில நாட்களில் மட்டும், வாயிலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியே காலைக் கதிர் உட்புகுந்து, நீண்ட இருட்பாதையைக் கடந்து உள்ளறையைத் தொடுகிறது. இறந்தோர் உறங்கும் இடத்திற்கு ஒளி செல்ல வழி வைத்த அம்மக்கள் என்ன மொழி பேசினர் என்பது எவருக்கும் தெரியாது. கெல்திய மொழி அங்கு வேரூன்றியது மிகப் பிற்காலத்தில்தான். உரோமைப் படைகள் அத்தீவை ஒருபோதும் வென்றதில்லை.

உரோமையின் படை செல்லாத அந்நாட்டிற்கு நற்செய்தி சென்ற விதம் தனிச்சிறப்புடையது. ஐந்தாம் நூற்றாண்டில், பிரித்தானியாவைச் சேர்ந்த பத்ரிசியார் தம் பதினாறாம் வயதில் கொள்ளையரால் கடத்தப்பட்டு, அங்கே ஆறு ஆண்டுகள் அடிமையாய் மந்தை மேய்த்தார். தப்பிச் சென்றவர், பின்னர் ஆயராகத் தம்மை அடிமைப்படுத்திய மக்களிடமே திரும்பி வந்தார். அவர் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருப்பவை இரண்டே. அவற்றுள் ஒன்று, தாம் திருமுழுக்களித்த மக்களைச் சிறைபிடித்த ஒரு கிறிஸ்தவத் தலைவனின் படைவீரர்களைக் கண்டித்து எழுதிய மடல். அடிமைத்தனத்தை அனுபவித்தவரின் சினம் அதில் கொதிக்கிறது.

அவர் விதைத்தது மடங்களாய்த் தழைத்தது. புனித கொலும்பா 563-இல் அயோனாத் தீவில் மடம் அமைத்தார். புனித கொலும்பானுஸ் இத்தாலியின் பொப்பியோ வரை சென்றார். வைக்கிங் கொள்ளையர் வந்தனர், டப்ளினை நகராக்கினர், நாளடைவில் மக்களோடு கலந்தும் போயினர். 1169-இல் நார்மானியர் வந்தனர். நமக்குச் சற்றுச் சங்கடம் தரும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்: ஆங்கிலேய மன்னன் இரண்டாம் ஹென்றி அயர்லாந்தில் நுழைவதற்கு இசைவளித்தவராகச் சொல்லப்படுபவர் ஒரு திருத்தந்தையே. அவர்தாம் நான்காம் ஏட்ரியன், ஆங்கிலேயர்.

பின்னர் இங்கிலாந்து புரொட்டஸ்டாண்டு நாடானபோது, ஆதிக்கத்தோடு மறைப்பகையும் சேர்ந்தது. 1649-இல் குரோம்வெல்லின் படை திரோகெதா நகரைச் சூறையாடியது. 1641-இல் நிலத்தில் ஐந்தில் மூன்று பங்கு கத்தோலிக்கரிடம் இருந்தது. 1703-இல் ஏழில் ஒரு பங்கே எஞ்சியது. 1681-இல் அர்மா பேராயர் ஆலிவர் பிளங்கெட் இலண்டனில் கொல்லப்பட்டார். 1695 முதல் தண்டனைச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. ஆயர்களும் துறவியரும் நாடு கடத்தப்பட்டனர். கத்தோலிக்கர் பள்ளி நடத்தக் கூடாது. ஐந்து பவுனுக்கு மேல் விலையுள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது. 1728 முதல் வாக்குரிமையும் இல்லை.

மலைச்சரிவுகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் பாறைகளே பீடங்களாயின. மழையிலும் பனிக்காற்றிலும் மக்கள் அவற்றைச் சூழ்ந்து முழந்தாட்படியிட்டுத் திருப்பலி கண்டனர். இன்றும் ‘திருப்பலிப் பாறை’ என்ற பெயரில் பல இடங்களில் அவை காட்டப்படுகின்றன. பிள்ளைகள் வேலியோரங்களில் பாடம் கற்றனர். கார்க் நகரில் நானோ நேகிள் என்னும் செல்வக் குடிப்பெண், தம் உறவினருக்கும் தெரியாமல், ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கினார். அவர் 1775-இல் நிறுவிய சபையின் கன்னியரே 67 ஆண்டுகளுக்குப் பின் சென்னைக்கு வந்தவர்கள்.

அவர்கள் இங்கு வந்த மூன்றாம் ஆண்டில், 1845-இல், தாயகத்தில் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதைத் தவிர வேறு உணவில்லை. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். தானியமோ தொடர்ந்து ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. நிவாரணப் பணிக்குப் பொறுப்பாயிருந்த கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெலியன், இப்பஞ்சத்தை இறைவனின் பராமரிப்பு விடுத்த அடியாகவே கண்டு, 1848-இல் நூலும் எழுதினார். மனிதர் இழைத்த குற்றத்திற்குக் கடவுளின் பெயரைக் கையெழுத்தாக இட்ட செயல் என்றே இதனைச் சொல்லத் தோன்றுகிறது. இதே டிரெவெலியன்தான் 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர்.

அதே ஆண்டுகளில் கல்கத்தாவில் அயர்லாந்துக்கென நிதி திரட்டப்பட்டது. தம் நிலத்திலிருந்து துரத்தப்பட்டிருந்த அமெரிக்கச் சோக்டா பழங்குடியினரும் 1847-இல் தங்களால் இயன்றதைத் திரட்டி அனுப்பினர். 1841-இல் 81 இலட்சத்திற்கு மேலிருந்த அத்தீவின் மக்கள்தொகை, இன்றுவரை அந்த அளவை மீண்டும் எட்டவில்லை.

1916-இன் உயிர்ப்புவிழாக் கிளர்ச்சி, 1922-இல் தன்னாட்சி, நாட்டுப் பிரிவினை, வடக்கில் முப்பதாண்டுக் குருதி, 1998-இன் பெரிய வெள்ளி உடன்படிக்கை ஆகியவை பலரும் அறிந்தவை. என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. விடுதலைக்குப் பின், பாறையைப் பீடமாக்கியவர்களின் திருச்சபைக்குப் பள்ளிகளும் காப்பகங்களும் செல்வாக்கும் குவிந்தன. அந்தச் சுவர்களுக்குள் ஏழைச் சிறுவர் அடிபட்டனர், சீரழிக்கப்பட்டனர். மணமாகாத தாய்மாரிடமிருந்து குழந்தைகள் பிரிக்கப்பட்டனர். 2009-இல் அரசின் விசாரணைக்குழு வெளியிட்ட அறிக்கை இவற்றுள் பலவற்றை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. மறுஆண்டு திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு மன்னிப்பு மடல் எழுதினார். நமக்குக் கல்வி தந்த மண்ணைப் பற்றி இப்படி எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எழுதாமல் விட்டால், அச்சிறுவரை இரண்டாம் முறை ஒளித்து வைத்தவர்களாவோம்.

1979-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் டப்ளினின் பீனிக்ஸ் பூங்காவில் திருப்பலி நிறைவேற்றியபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். 2018 ஆகஸ்டு 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதே பூங்காவுக்கு வந்தபோது கூட்டம் மிகவும் குறைந்திருந்தது. முந்தின நாள், பாதிக்கப்பட்டோர் சிலரை அவர் சந்தித்திருந்தார். திருப்பலியின் தொடக்கத்தில் ஒவ்வொரு குற்றத்தையும் பெயர் சொல்லி மன்னிப்பு வேண்டினார். பிரிந்துபோன தாயைத் தேடுவது சாவான பாவம் என்று பிள்ளைகளிடம் சொல்லப்பட்டிருந்தது. அது பாவமன்று, நான்காம் கட்டளை என்றார் அவர்.