நாம சொல்ற ‘வெள்ளி’ எங்கிருந்து வந்தது?



கடையில ‘பத்து வெள்ளி’ன்னு சொல்றோம். ஆனா கையில இருக்கிறது தாள். நம்ம முன்னோர் காலத்தில் ஒரு வெள்ளி என்பது உண்மையிலேயே வெள்ளியில் அடித்த காசு. அந்தப் பேர் மட்டும் இன்னும் நம்ம வாயில நிக்குது.

உண்டியல் எண்ணும்போது எங்களுக்கு எப்போதாவது அப்படி ஒரு பழைய காசு கிடைக்கும். “வீட்டிலயும் இருக்கு, என்ன விலை போகும்?” என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இந்தப் பதிவு.

முன்பு மெக்சிகோ டாலரும், 1895 முதல் பிரிட்டிஷ் வணிக டாலரும் இங்கே புழங்கின. 1903-ல் நீரிணைக் குடியேற்றங்களுக்குச் சொந்த வெள்ளிக்காசு வந்தது. ஒரு பக்கம் ஏழாம் எட்வர்ட் மன்னர், மறுபக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். எடை 26.95 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி. அடித்தது பம்பாய் நாணயச் சாலை.

1906-ல் ஒரு வெள்ளியின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். அதே காலத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியது. காசை உருக்கினாலே லாபம் என்ற நிலை! அதனால் 1907-ல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். 1919-ல் ஐந்தாம் ஜார்ஜ் காசு 16.85 கிராம்தான், அதிலும் பாதிதான் வெள்ளி. மூன்றிலும் எழுதியிருப்பது ‘ஒரு டாலர்’. ஆனால் சுத்த வெள்ளி முதல் காசில் 24 கிராமுக்கு மேல், கடைசிக் காசில் எட்டரை கிராமுக்கும் குறைவு. அதனால ஆண்டையும் எடையையும் பார்க்காம யாரிடமும் விலை பேசாதீங்க.

தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள் முடிச்சில் கொண்டு வந்த இந்திய ரூபாயும் பல வீடுகளில் இருக்கு. 11.66 கிராம், கிட்டத்தட்ட 92 விழுக்காடு வெள்ளி. விக்டோரியா காசில் ‘குயின்’ என்றிருந்தால் 1876 வரை, ‘எம்ப்ரஸ்’ என்றிருந்தால் 1877 முதல். 1862 என்று பார்த்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அதே ஆண்டைப் போட்டே 1874 வரை அடித்தார்கள், எக்கச்சக்கமா இருக்கு. பழசு எல்லாம் அரிது இல்லை.

சேகரிப்பாளர்கள் பார்ப்பது ஆண்டு, நாணயச் சாலைக் குறி, தேய்மானம். காசு மாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்கு மதிப்பு குறையும். புளி போட்டுத் தேய்ச்சாலும் அப்படித்தான். கறுப்பு படிஞ்சிருந்தா அப்படியே விடுங்க. போலியும் நிறைய உலாவுது. காந்தம் இழுத்தால் அது வெள்ளி இல்லை. இழுக்கலைன்னாலும் எடை சரியா இருக்கான்னு தராசில் வைத்துப் பாருங்க.

கைப்பேசியில் “உங்க காசுக்கு லட்சம் வெள்ளி தர்றோம், முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுங்க” என்று வந்தால் ஒரு காசும் அனுப்பாதீங்க. உண்மையில் வாங்க வருகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். விற்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாணய வியாபாரிகளிடம் காட்டி விசாரிங்க. பழைய வெள்ளியாக எடைக்குப் போட்டால் உலோக விலைதான் கிடைக்கும், அந்தக் காசும் உருகிப் போகும்.

அதுக்கு முன்னாடி, வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. இந்தக் காசு யார் கையில் வந்தது, எந்தத் தோட்டத்தில் சம்பாதித்தது? அதை எந்த வியாபாரியும் சொல்ல முடியாது. ஒரு தாளில் எழுதி, காசோடு சேர்த்துப் பத்திரமா வையுங்க. பிள்ளைகளுக்கு அதுவும் சொத்துதான்.

எல்லோரும் நலமாக இருக்க ஆண்டவன் அருள் புரியட்டும்.

— ஆலயத் தொண்டர்கள்