சோதனை எலியா நாம்? – இருதய மருத்துவ ஆய்வுகள் கடந்து வந்த பாதை



மலர்க் குழுவினர் "சார், வழக்கம்போல ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்" என்று கேட்டார்கள். செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதியிருக்கலாம். எங்கள் ஊர் இரும்பையில் திருஞானசம்பந்தர் பாடிய மாகாளத்தைப் பற்றியும் எழுதியிருக்கலாம். இரண்டையும் முந்தைய மலர்களில் பலர் எழுதிவிட்டார்கள். இந்த முறை என் வீட்டுக்குள்ளேயே வந்து கதவைத் தட்டிய ஒரு வரலாற்றை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. மல்லாட்டைப் பயிரும் சவுக்குத் தோப்புமாக வாழ்ந்த மனிதர். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். உயிர் பிழைத்து எழுந்து உட்கார்ந்த நான்காம் நாள் அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, ஏதோ புது மருந்து சோதனையாம். பதினஞ்சு பக்கம் பேப்பரைக் கொடுத்து, இங்க இங்க கையெழுத்துப் போடுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. உங்க அண்ணனை எலி மாதிரி வெச்சுப் பார்க்கப் போறாங்களா? நீங்க காலேஜ் படிச்சவரு, வந்து படிச்சுச் சொல்லுங்க."

போனேன். படித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவனுக்குத் தமிழில் அச்சடித்த பதினைந்து பக்கம் புரியவில்லை! "ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த இரண்டு நாளில் தொடங்கிய படிப்புத்தான் இந்தக் கட்டுரை.

சென்னையில் தொடங்கிய கதை

மருத்துவ ஆய்வு என்றால் ஏதோ அமெரிக்காவில் நடப்பது என்று நினைத்திருந்தேன். உலகத்தின் போக்கையே மாற்றிய ஓர் ஆய்வு நம் சென்னையில் நடந்திருக்கிறது. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், ஓய்வும் சத்துணவும் வேண்டும் என்பதே மருத்துவ வேதம். நம் நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில். கட்டில்களோ மிகக் குறைவு.

193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் சானடோரியத்தில், மறு சாரார் தங்கள் குடிசையிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றுதான். ஓராண்டு கழித்துப் பார்த்தால், நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் ஒட்டவும் இல்லை. 1959ல் முடிவு வெளியானது. பிறகு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்தது. பேர் தெரியாத அந்த 193 பேரும் எலிகள் அல்ல; ஒரு பெரிய கேள்விக்குப் பதில் சொன்னவர்கள்.

குலுக்கல் எதற்கு?

நம் ஊரில் சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. குலுக்கிப் போட்டால் வேண்டியவன் வேண்டாதவன் என்ற பேச்சு இல்லை. டாக்டரே "இவருக்குப் புது மருந்து, அவருக்குப் பழைய மருந்து" என்று பிரித்தால், திடமானவர்களையெல்லாம் அறியாமலேயே ஒரு பக்கம் தள்ளிவிடலாம். பிறகு குணமானது மருந்தாலா, உடம்பு வாகாலா என்று யார் சொல்வது? குலுக்கினால் வயது, சர்க்கரை, பீடிப் பழக்கம் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும்.

அடுத்தது வெறும் மாத்திரை. பார்வைக்கு மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. "நல்லா ஆயிடும்" என்ற நம்பிக்கையே பாதி தெம்பு கொடுத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இதைக் கேட்டதும் அண்ணன் கொதித்துப் போனார். "அப்போ எனக்கு மாவு மாத்திரையைக் கொடுத்து ஏமாத்துவானுங்களா?" அவருக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் எல்லாம் இரு சாராருக்கும் உண்டு, புதியதோ வெறும் மாத்திரையோ அதற்கு மேல்தான் என்பது படிவத்தின் ஆறாம் பக்கத்தில் இருந்தது. அந்த ஒரு வரியை முதல் பக்கத்தில் போட்டிருக்கக் கூடாதா?

திருவனந்தபுரத்து வால்வு

இருதயத்துக்கு வருவோம். சின்ன வயதில் வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். அது இருதய வால்வைப் பழுதாக்கிவிடும். இது பெரும்பாலும் ஏழை வீட்டு நோய். கெட்டுப்போன வால்வை மாற்ற வேண்டுமென்றால் வெளிநாட்டு வால்வுதான். விலையோ எட்டாத உயரம்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தானும் அவருடைய குழுவினரும் நம் நாட்டிலேயே வால்வு செய்ய முனைந்தார்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தாலும் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் தடவை அது திறந்து மூட வேண்டும். முதல் மூன்று வடிவங்களும் தேறவில்லை. ஆண்டுகள் ஓடின. உலோகச் சட்டத்துக்குள் தனிவகைப் பிளாஸ்டிக் தட்டு சாய்ந்து சாய்ந்து திறக்கும் நான்காவது வடிவம்தான் தேறியது. ஆய்வகத்தில் சோதித்து, பிறகு ஆடுகளுக்குப் பொருத்திப் பார்த்து, அதற்குப் பிறகே மனிதனுக்கு வந்தார்கள்.

1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். 1995 ஜனவரிக்குள் பல ஆஸ்பத்திரிகளில் 306 பேருக்கு. அதில் 205 பேருக்கு மைட்ரல் வால்வு, 101 பேருக்கு அயோர்டிக் வால்வு. இவர்களைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கெழுதினார்கள். சென்னை டி.டி.கே. நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்து 'டி.டி.கே. சித்ரா வால்வு' என விற்பனைக்கு வந்த அது, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இருதயங்களுக்குள் போயிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் மறைந்தார். எங்கள் மாகாளத்தில் பிளந்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் கட்டி நிறுத்தியிருப்பதாகச் சொல்வார்கள். பிளந்ததைக் கட்டிக் காப்பது என்றால் என்ன என்று வலியத்தானின் கதையைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அதே காலத்தில் ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் இன்னொரு ஆய்வு. சுருங்கிய மைட்ரல் வால்வை நெஞ்சைத் திறந்து விரிப்பதா, தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனை அனுப்பி விரிப்பதா? 60 பேரைக் குலுக்கி முப்பது முப்பதாகப் பிரித்தார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தால் பலூன் வைத்தியம் ஆபரேஷனுக்குக் குறைந்ததில்லை. வால்வின் திறப்பு பலூன் வைத்தவர்களுக்கே அதிகம் இருந்தது. 1994ல் உலகப் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளியானது. இன்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் நெஞ்சில் தழும்பில்லாமல் வீடு திரும்புவதில் அந்த அறுபது பேருக்கும் பங்கு உண்டு.

புதுசு எல்லாம் நல்லது இல்லை

மாரடைப்புக்குப் பிறகு சிலருக்கு இருதயம் இடையிடையே தப்புத் துடிப்பு துடிக்கும். அதை அடக்க மாத்திரைகள் வந்தன. துடிப்பு அடங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. டாக்டர்கள் நம்பி எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் முறைப்படி ஆய்வு செய்து பார்த்தார்கள். சராசரியாகப் பத்து மாதத்தில் மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர்தான். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 1991ல் முழு விவரமும் வெளியானது. துடிப்பை அடக்கிய மருந்து ஆளையும் அடக்கியிருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால்?

2022ல் வெளியான இன்னொன்று, ருமாட்டிக் வால்வு நோயோடு துடிப்புக் கோளாறும் உள்ளவர்களைப் பற்றியது. இந்தியா உள்ளிட்ட 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர். ரத்தம் உறையாமல் இருக்கப் புது மருந்தா, அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டிய பழைய மருந்தா என்று பார்த்தால், ஜெயித்தது பழைய மருந்து.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1988ல் வெளியான ஓர் ஆய்வு 417 ஆஸ்பத்திரிகளில் 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்தவர்களில், ஐந்து வாரத்தில் இருதய, ரத்தக்குழாய்க் கோளாறால் இறந்தவர்கள் நூற்றுக்கு 8. இரண்டுமே இல்லாதவர்களில் 13க்கும் மேல். ஜோதிடப் பிரியர்களுக்கு ஒரு செய்தி: முடிவைத் துண்டு துண்டாக அலசினால் என்ன அபத்தம் வரும் என்று காட்டுவதற்காகவே, ராசி வாரியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை என்று வந்தது! பெரிய கூட்டத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பதே பாடம்.

நம் மண்ணில் அண்மையில்

ரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டுக்குமான மருந்துகளை ஒரே மாத்திரையில் அடைக்கும் எண்ணத்தைச் சோதித்த ஆய்வின் முடிவு 2020ல் வெளியானது. 5,713 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியர்கள். மாத்திரையும் இந்தியாவில் தயாரானதுதான். கூட்டு மாத்திரையும் ஆஸ்பிரினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நூற்றுக்கு 4.1, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5.8.

2012 முதல் 2014 வரை நம் தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரிய இருதய மையங்களையும் இணைத்து ஒரு முயற்சி நடந்தது. 2,420 மாரடைப்பு நோயாளிகளின் கணக்கு. ஓராண்டுக்குள் இறப்பு நூற்றுக்கு 17.6 ஆக இருந்தது 14.2 ஆகக் குறைந்தது. இது குலுக்கல் ஆய்வு அல்ல. முன்பு, பின்பு என்ற ஒப்பீடு. ஆகவே அந்த அளவுக்கே நம்ப வேண்டும். ஆனால் கிராமத்தானுக்கு இதில் செய்தி உண்டு: "வாயுப்பிடிப்பு" என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காதே, உடனே 108ஐக் கூப்பிடு.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் ஏழைகளுக்கு விவரம் சொல்லாமல் சோதனை நடத்திய குற்றச்சாட்டுகள் எழுந்தன. உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அண்ணியின் பயம் வெறும் பயம் அல்ல. விதிகளும் இறுகின. 2009 ஜூன் 15 முதல் ஒவ்வொரு மருந்து ஆய்வையும் அரசின் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2019ன் புதிய விதிகளின்படி, ஆய்வை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் டாக்டர்கள் மட்டுமின்றி, சட்டம் தெரிந்தவரும் நம்மைப் போன்ற பொதுஜனம் ஒருவரும் இருக்க வேண்டும். ஆய்வினால் கெடுதல் வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உண்டு.

படித்ததையெல்லாம் சுருக்கி, ஒரு நோட்டுத் தாளில் ஏழு கேள்விகளாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். உங்கள் வீட்டுக்கும் உதவும்:

1. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்?
2. இந்த மருந்தை இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், என்ன ஆயிற்று?
3. வழக்கமான வைத்தியம் எனக்குக் குறையுமா?
4. என்னென்ன கெடுதல் வரலாம்? ராத்திரியில் வந்தால் யாருக்குப் போன் செய்வது?
5. மாத்திரை, சோதனை, பஸ் செலவு யாருடையது?
6. பாதியில் விலகினால் இங்கே வைத்தியம் தொடருமா?
7. பதிவேட்டு எண் என்ன? படிவத்தின் நகல் தருவீர்களா?

அந்தக் காகிதத்தைப் பார்த்து ஆய்வு டாக்டர் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் அண்ணனிடம் பேசினார். "வேணாம்னு சொன்னாலும் நான் உங்களை இதே மாதிரிதான் பார்ப்பேன் ஐயா" என்றார். அண்ணன் அன்றைக்கும் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்கு வந்து, அண்ணியோடு பேசி, அடுத்த வாரம் போய்ப் போட்டார்.

இரண்டு ஆண்டு தவறாமல் போய் வந்தார். அவருக்குக் கிடைத்தது மருந்தா, வெறும் மாத்திரையா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. "எதுவா இருந்தா என்னடா, என் கணக்கும் அந்த நோட்டுல இருக்குல்ல" என்கிறார். "எலியா?" என்று நான் சீண்டினால், "எலி கேள்வி கேக்குமாடா?" என்று திருப்பிக் கேட்கிறார்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் யாராவது அப்படி ஒரு படிவத்தோடு வந்து நிற்பார்கள். "போடாதே" என்றும் சொல்லாதீர்கள், "போட்டுடு" என்றும் சொல்லாதீர்கள். கூட உட்கார்ந்து பதினைந்து பக்கத்தையும் படித்துச் சொல்லுங்கள். இந்தக் கல்லூரி நமக்குக் கொடுத்த எழுத்துக்கு அதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.